நெடுந்தூர ஓட்டத்துக்குப் பின் அழுத்த உடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், நெடுந்தூர ஓட்டத்துக்குப் பிறகு உடலுக்குத் தரவேண்டிய ஓய்வைப் பற்றி எழுதியிருந்தேன். அதில் அழுத்த உடைகளை, அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் சாக்ஸ், டைட்ஸ் போன்றவற்றைக் குறித்து ஒரு வரி மட்டுமே இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியைத் தொட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி என்பதால், இவ்விதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வரும் ஜனவரியில் சென்னையில் முதன்முறையாக முழு மாரத்தான் ஓட இருக்கிறேன். என்னுடன் பயிற்சி செய்பவர்களில் பலர், நீண்ட ஓட்டம் முடிந்த உடனே முழங்கால் வரை இறுக்கமான கம்ப்ரெஷன் சாக்ஸை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறார்கள். மறுநாள் வலி குறைவாக இருக்கிறது என்று அடித்துச் சொல்கிறார்கள். விலையோ அதிகம். உண்மையிலேயே பலன் உண்டா, விளம்பரம் மட்டும்தானா?
– வாசகர், தாம்பரம்

பதில்: பலன் உண்டு. ஆனால் அது அளவில் சிறியது. அதுவும் பெரும்பாலும் வலியை நீங்கள் உணரும் விதத்தில்தான் வெளிப்படுகிறது.

மாரத்தான் தசைக்கு என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 42.195 கிலோமீட்டர் ஓடும்போது, கால் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் முன்தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் சுருங்க முயன்றுகொண்டிருக்கும்போதே நீட்டப்படுகின்றன. நீண்டுகொண்டே சுமை தாங்கும் இந்த வேலைதான், ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடக்கும்போது, தசையிழைகளின் நுண்ணமைப்பைச் சிதைக்கிறது. சிதைந்த இடத்தில் அழற்சி தொடங்குகிறது. நீர் கோத்துத் தசை வீங்குகிறது. தசைக்குள் இருக்கவேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி கசிந்து ரத்தத்தில் கூடுகிறது. ஓடி முடித்த அன்றைக்குத் தாங்கிக்கொள்ளக்கூடியதாக இருந்த வலி, 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைவது இதனால்தான்.

வெளியிலிருந்து துணி அழுத்தும்போது, தசையைச் சுற்றி நீர் கோப்பதற்கான இடம் குறைகிறது. கோத்த நீர் ரத்தக் குழாய்களுக்கும் நிணநீர்க் குழாய்களுக்கும் திரும்புவது எளிதாகிறது. வீக்கம் குறைந்தால் வலி உணர்த்தும் நரம்பு முனைகள் மீதான அழுத்தமும் குறையும். அழுத்த உடைக்குப் பின்னால் இருக்கும் கருத்து இவ்வளவுதான். இது நியாயமான கருத்து. ஆனால் நியாயமாகத் தோன்றுவது நடைமுறையிலும் நடக்கிறதா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மாரத்தான் ஓடி முடித்த 24 பேரில் ஒரு பிரிவினர் 72 மணி நேரம், கால் முழுவதையும் மூடும் அழுத்த உடையை அணிந்தார்கள். மற்றொரு பிரிவினருக்குப் பெயரளவில் ஒரு சிகிச்சை தரப்பட்டது. 24 மணி நேரம் கழிந்தபோது, உடை அணிந்தவர்களுக்கு வலி குறைவாக இருந்தது. ஆனால் தசையின் வலிமையிலும், ரத்தத்திலிருந்த கிரியேட்டின் கைனேஸின் அளவிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அடுத்த ஆண்டே வெளியான வேறோர் ஆய்வு சற்று நம்பிக்கை தந்தது. மாரத்தானுக்குப் பின் 48 மணி நேரம் அழுத்தக் காலுறை அணிந்தவர்கள், இரண்டு வாரம் கழித்து டிரெட்மில்லில் களைத்துப்போகும்வரை ஓடியபோது, மாரத்தானுக்கு முன்பு தாக்குப்பிடித்ததைவிட 2.6 சதவீதம் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். அழுத்தம் தராத போலிக் காலுறை அணிந்தவர்களுக்கு அந்த நேரம் 3.4 சதவீதம் குறைந்திருந்தது. இதில் பங்கேற்றவர்கள் 33 பேர் மட்டுமே என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

தனித்தனி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. உடல் மீள்வதற்கான பல்வேறு முறைகளைப் பற்றிய 99 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் பிரான்சிலிருந்து வெளிவந்த கட்டுரை, தசை வலியையும் களைப்பையும் குறைப்பதில் மசாஜுக்கு முதலிடம் தந்தது; அழுத்த உடையும் வலியைக் குறைக்கும் முறைகளில் ஒன்றாக அதில் இடம்பெற்றது. 2022இல் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தசை வலிமையை மட்டும் எடுத்துக்கொண்டு 19 ஆய்வுகளை அலசினார்கள். உடற்பயிற்சியின்போதோ அதற்குப் பின்னரோ அழுத்த உடை அணிவது, இழந்த வலிமையை விரைவாக மீட்டுத் தருவதாக அவர்கள் காணவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாத்திரையில் உண்மை மாத்திரை எது, போலி எது என்று தெரியாமல் கொடுக்க முடியும். காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறையை அணிந்திருப்பவருக்கு, அணிந்திருக்கிறோம் என்று தெரியாமல் இருக்காது. வலியைப் பற்றிய கேள்விக்கு அவர் தரும் பதிலில் அந்த நம்பிக்கையின் பங்கும் கலந்தே வரும். அதற்காக அந்த நிம்மதியை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். வலி குறைந்து ஒருவர் நன்றாகத் தூங்கினால், அந்தத் தூக்கம் அவருடைய தசைக்கு உண்மையாகவே நன்மை செய்யும்.

எனவே உங்களுக்கு என் பரிந்துரை இது. நல்ல ஷூ, பயிற்சிக் காலத்துக்கான சரியான உணவு ஆகியவற்றுக்குச் செலவிட்ட பின்னும் பணம் மீந்தால் ஒரு ஜோடி வாங்குங்கள். வாங்காவிட்டாலும் உங்கள் மாரத்தானுக்கு ஒரு குறையும் வராது. வாங்கினால் ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: வலி குறைந்துவிட்டது என்பதால் தசை ஆறிவிட்டது என்று ஆகாது. மேலே சொன்ன 2014ஆம் ஆண்டு ஆய்வு காட்டுவது இதைத்தான். மூன்றாம் நாள் கால் இலகுவாக இருக்கிறதே என்று வேகப் பயிற்சியில் இறங்குகிறவர்கள்தாம், மாரத்தானுக்குப் பிந்தைய வாரங்களில் காயத்தோடு என்னிடம் வருகிறார்கள்.

கேள்வி: கொல்லிமலைச் சாலையில் மேலிருந்து கீழே ஓடிப் பயிற்சி செய்தேன். ஏறும்போது தெரியாத வலி, இறங்கி ஓடிய மறுநாள் வந்தது. இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. விளையாட்டுப் பொருள் கடைக்காரர், “தசையில் லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கிறது, கம்ப்ரெஷன் டைட்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் கூடி அமிலத்தை அடித்துக்கொண்டு போய்விடும்” என்கிறார். சரியா?
– வாசகர், நாமக்கல்

பதில்: இரண்டு பாதியும் சரியில்லை.

ஓடும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட் (கடைக்காரர் லாக்டிக் அமிலம் என்று சொல்வது இதைத்தான்), ஓட்டம் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழப் பழைய அளவுக்கு இறங்கிவிடும். இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. மறுநாள் காலையில் உங்கள் தொடையில் வலிக்கக் காரணமாக அது அங்கே இருப்பதே இல்லை. 1983ஆம் ஆண்டிலேயே இதை எளிமையாகச் சோதித்துப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியவர்களுக்கு ரத்தத்தில் லாக்டேட் கூடியது, பின்னர் வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் கூடவில்லை, ஆனால் அடுத்த நாட்களில் நல்ல வலி வந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நீங்கள் இறங்கி ஓடியபோது, ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசைதான் உங்கள் உடலின் வேகத்தைத் தடுத்து நிறுத்தியது. நீண்டுகொண்டே சுமை தாங்கியதால் ஏற்பட்ட சிதைவு அது. ஆறு ஏழு நாளில் தானாகவே சரியாகும். இதே சரிவை அடுத்த முறை ஓடும்போது வலி கணிசமாகக் குறைவாக இருக்கும் என்பதையும் நீங்கள் காண்பீர்கள். தசை ஒருமுறை பட்டதை வைத்துத் தன்னை வலுப்படுத்திக்கொள்கிறது. எந்த உடையும் தராத பாதுகாப்பு இது.

ரத்த ஓட்டம் கூடும் என்ற பேச்சு இன்னும் கவனமாகப் பார்க்கவேண்டியது. கால் சிரைகளில் ரத்தம் மேலே திரும்ப அழுத்தம் உதவும் என்பது உண்மை. சிரை நோய் உள்ளவர்களுக்கு அழுத்தக் காலுறை தரப்படுவதே அதற்குத்தான். ஆனால் சிரைகளில் வேகம் கூடுவதும் தசைக்குள் ரத்தம் கூடுதலாகப் பாய்வதும் வேறு வேறு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு ஆண்களின் ஒரு தொடையில் மட்டும் அழுத்த உடை அணிவித்து, மற்றத் தொடையை அப்படியே விட்டு, உடற்பயிற்சிக்குப் பின் தசைக்குள் பாயும் ரத்தத்தை, உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் மூலம் அளந்தார்கள். உடை அணிந்த தொடையின் ஆழ்ந்த பகுதிகளில் ரத்த ஓட்டம் குறைந்திருந்தது. அழுத்தம் ஏறத்தாழ 37 மி.மீ. பாதரசம் (ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே அலகு) என்ற அளவில், அதாவது வழக்கமான விளையாட்டு உடையைவிடக் கூடுதலாக, இருந்தது என்பதால் எல்லா உடையும் இப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. இறுக்கம் கூடக் கூட நன்மையும் கூடும் என்ற எண்ணத்தைக் கைவிட இந்த ஒரு முடிவு போதும்.

கேள்வி: ஓட்டம் முடிந்து எவ்வளவு நேரத்துக்குள் அணியவேண்டும்? எத்தனை மணி நேரம்? இரவில் அணிந்துகொண்டே தூங்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: ஓடி முடித்ததும் நின்றுவிடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். பிறகு காலைக் கழுவித் துடைத்து, ஈரம் முழுவதும் உலர்ந்தபின் அணியுங்கள். வியர்வையோடு அணிந்து வீடுவரை வருவது நம் ஊர் வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் ஒத்துவராது. விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் தொடை இடுக்கில் படர்தாமரையும் வர அதைவிட வசதியான வழி கிடையாது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அணிந்தால் போதும். நிமிடக் கணக்குப் பார்க்கவேண்டியதில்லை.

வீக்கமும் வலியும் கூடும் காலம் முதல் இரண்டு நாள் என்பதால், அந்த நாட்களில் விழித்திருக்கும் நேரத்தில் அணிவது பொருத்தமானது. குறிப்பாக, நீண்ட நேரம் உட்கார்ந்தோ நின்றோ வேலை செய்பவருக்கும், ஓட்டம் முடிந்து பல மணி நேரம் பேருந்திலோ காரிலோ ஊர் திரும்புபவருக்கும் பயன் கூடுதலாகத் தெரியும். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசம் இருக்கும், அவர் நடக்கத் தொடங்கினால், கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுவதால், அது 30க்கும் கீழே இறங்கிவிடும். படுத்திருக்கும்போது 10ஐ ஒட்டியே இருக்கும். ஆகவே படுக்கையில் காலுறைக்கு வேலை மிகக் குறைவு. ஆய்வுகளில் சிலவற்றில் இரவிலும் அணிந்திருந்தார்கள் என்பது உண்மைதான்; ஆரோக்கியமான ஒருவர் அணிவதால் தீங்கில்லை. ஆனால் இறுக்கத்தாலும் புழுக்கத்தாலும் தூக்கம் கெடுமானால் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள். தூக்கத்தைக் கொடுத்து வாங்கும் அளவுக்கு இதில் பலன் இல்லை.

கேள்வி: சாக்ஸ் வாங்கப் போனால் 15–20, 20–30 என்று எண்கள் போட்டிருக்கின்றன. சிலவற்றில் எண்ணே இல்லை, எஸ், எம், எல் மட்டும்தான். எதைப் பார்த்து வாங்குவது? துவைத்தால் இறுக்கம் போய்விடுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த எண்கள் கணுக்காலில் காலுறை தரும் அழுத்தத்தை மி.மீ. பாதரசக் கணக்கில் குறிப்பவை. கணுக்காலில் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைந்தும் அழுத்துவதைப் படிநிலை அழுத்தம் என்கிறோம். இது வந்த கதை சுவையானது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டொலீடோ நகரில் வாழ்ந்த கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளருக்குச் சிரை நோயால் காலில் தீராத தொல்லை. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் கால் இதமாக இருப்பதைக் கவனித்தார். ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது. ஆகவே கணுக்காலில் மிகுதியாகவும் மேலே குறைவாகவும் நீர் அழுத்துகிறது. அதே முறையில் அழுத்தும் காலுறையை அவர் 1950ஐ ஒட்டி உருவாக்கினார்.

இதிலிருந்து ஓட்டக்காரர்களுக்கு ஒரு செலவில்லாத வழியும் கிடைக்கிறது. ஒரு மீட்டர் ஆழ நீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 74 மி.மீ. பாதரசம். இடுப்பளவு நீரில் நின்றாலே, கடையில் விற்கும் எந்தக் காலுறையையும்விடக் கூடுதல் அழுத்தம் கணுக்காலில் விழுகிறது. பாதுகாப்பான நீச்சல் குளம் அருகில் இருந்தால், நீண்ட ஓட்டத்துக்குப் பின் பதினைந்து நிமிடம் இடுப்பளவு நீரில் மெதுவாக நடங்கள். உடல் சூடும் தணியும். களைத்த காலோடு கடலிலோ ஆற்றிலோ இறங்குவது வேண்டாம்.

இனி அளவு. துணியின் இழுவிசை ஒன்றாகவே இருந்தாலும், சுற்றளவு சிறிய இடத்தில் அழுத்தம் கூடுதலாகவும், பெரிய இடத்தில் குறைவாகவும் விழும். ஒரே காலுறை ஒல்லியான காலிலும் பருத்த காலிலும் ஒரே அளவாக அழுத்தாததற்கு இதுவும், துணி ஒவ்வொரு காலிலும் வெவ்வேறு அளவு இழுபடுவதும் காரணங்கள். கடைகளில் கிடைக்கும் விளையாட்டு அழுத்த உடைகளை வெவ்வேறு உடல்வாகு கொண்டவர்களுக்கு அணிவித்து அளந்தவர்கள், ஒரே அளவு எண் கொண்ட உடை ஆளுக்கு ஆள் மிகவும் மாறுபட்ட அழுத்தம் தருவதைக் கண்டிருக்கிறார்கள். பலருக்குப் பயன் எதிர்பார்க்க முடியாத அளவுக்குக் குறைந்த அழுத்தமே கிடைத்தது. ஆய்வுகளின் முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அழுத்தத்தை அளந்து பாராமலே செய்யப்பட்ட ஆய்வுகள் ஏராளம்.

ஆகவே உயரம், எடை பார்த்து அளவு சொல்லும் உடையைத் தவிர்த்து, கணுக்காலின் ஒடுங்கிய இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் டேப்பால் அளந்து வாங்கச் சொல்லும் நிறுவனத்தின் காலுறையைத் தேர்ந்தெடுங்கள். காலையில், கால் வீங்கும் முன் அளக்கவேண்டும். நோய் எதுவும் இல்லாதவருக்கு 15–20 அல்லது 20–30 என்ற அளவு போதும். 30க்கு மேற்பட்டவை மருத்துவர் சொன்னால் மட்டுமே. அணிந்தபின் விரல்கள் மரத்துப்போனாலோ நீலம் பாரித்தாலோ அளவு தவறு. மேல் பட்டையை ஒருபோதும் மடித்து விடாதீர்கள். மடித்த இடத்தில் அழுத்தம் கூடி, கயிறு கட்டியதுபோல் ரத்தம் திரும்புவதைத் தடுக்கும்.

இறுக்கத்தைத் தருவது நைலானோடு சேர்த்துப் பின்னப்படும் எலாஸ்டேன் இழை. வெந்நீர், பிளீச்சிங் பவுடர், துணி மென்மையாக்கும் திரவம், நேர் வெயில் நான்கும் அதற்கு ஆகாதவை. குளிர்ந்த நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். அடிக்கடி அணிபவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருக்கும். சிரமமில்லாமல் சட்டென்று காலில் ஏறத் தொடங்கினால் அதன் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. தைப்பூசத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை செல்வார். கடந்த முறை கால் வீங்கித் திரும்பினார். இந்த முறை கம்ப்ரெஷன் சாக்ஸ் வாங்கித் தரலாமென்று இருக்கிறேன். எந்த அளவு வாங்கட்டும்?
– வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, தயவுசெய்து இப்போது வாங்கவேண்டாம். முதலில் உங்கள் தந்தையாரின் காலைப் பரிசோதிக்கவேண்டும்.

நீண்ட காலச் சர்க்கரை நோய் காலை இரண்டு வழிகளில் தாக்குகிறது. ஒன்று, தமனிகள் குறுகி, பாதத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது. ஏற்கெனவே ரத்தம் குறைவாகப் போகும் காலை வெளியிலிருந்தும் அழுத்தினால், தோலும் தசையும் அழுகும் நிலைகூட வரலாம். இரண்டு, நரம்புகள் பழுதாகிப் பாதத்தில் உணர்ச்சி குறைகிறது. காலுறையின் மடிப்பு தோலை அறுத்தாலும் அவருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கு “இறுக்குகிறது, கழற்று” என்று எச்சரிக்கும் உணர்வு அவரிடம் இல்லாமல் இருக்கலாம்.

கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து விகிதம் பார்க்கும் எளிய, வலியற்ற பரிசோதனை ஒன்று இருக்கிறது. விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் தமனி குறுகியிருக்கிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து விறைத்துப்போவதால் விகிதம் 1.4க்கு மேல் காட்டும். அதை நல்ல அளவு என்று எண்ணிவிடக் கூடாது, கால் விரலில் அழுத்தம் அளந்து பார்க்கவேண்டும். அதோடு, மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சர்க்கரை நோய்ச் சிகிச்சை மையங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இவற்றைச் செய்துகொள்ளலாம்.

கால் வீக்கத்துக்கும் காரணம் தெரியவேண்டும். நடந்த களைப்பால் மட்டுமல்லாமல் சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் கால் வீங்கும். இதயம் பலவீனமானவருக்குக் காலிலிருந்து கூடுதல் நீரை மேலே தள்ளுவது ஆபத்து.

காலுறையைவிட எனக்குக் கவலை தருவது, பாதயாத்திரையில் பெரும்பாலோர் வெறுங்காலோடு நடக்கிறார்கள் என்பது. உணர்ச்சி குறைந்த பாதத்தோடு தார்ச்சாலையில் வெறுங்காலாக நடந்து, கொப்புளம் தெரியாமல் புண்ணாகி, விரலை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உணர்ச்சி குறைந்திருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தால், மென்மையான உள்தளம் கொண்ட செருப்போ ஷூவோ அணிந்து நடக்க அப்பாவைச் சம்மதிக்க வையுங்கள். முருகன் அதைக் குறையாக நினைக்கமாட்டார். ஒவ்வொரு தங்கலிலும் உடன் வருபவர் யாராவது அவருடைய உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தாலே, பெரும்பாலும் நடையால் வந்த வீக்கம் காலைக்குள் வடிந்துவிடும்.

கேள்வி: எனக்கு வெரிகோஸ் வெயின் இருக்கிறது, நரம்பு சுருண்டு வெளியே தெரிகிறது. அரை மாரத்தான் ஓடுகிறேன். விளையாட்டுக் கடையில் விற்கும் சாக்ஸே போதுமா?
– வாசகி, மதுரை

பதில்: உங்களுக்கு அழுத்தக் காலுறை உண்மையிலேயே உதவும், ஆனால் அது மருத்துவத் தரத்தில், மருத்துவர் குறித்துத் தந்த அழுத்தத்தில் இருக்கவேண்டும். முதலில், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் செய்து, எந்தச் சிரையின் வால்வு பழுதாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தை நிறுத்தவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

கேள்வி: நான் போகும் ஜிம்மில் காற்றடிக்கும் நீண்ட பூட்ஸ் வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குத் தனிக் கட்டணம். சாக்ஸைவிட இது மேலா?
– வாசகர், சென்னை

பதில்: கால்விரலிலிருந்து தொடை வரை அறை அறையாகக் காற்று நிரம்பி, அழுத்தி, பின் தளரும் கருவி அது. நிணநீர் வீக்கம் உள்ளவர்களுக்கும், அறுவைச் சிகிச்சைக்குப் பின் ரத்தம் உறையாமல் தடுப்பதற்கும் மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது. கலிஃபோர்னியாவில் நடக்கும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் என்ற 161 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டத்தை முடித்தவர்களிடம், 20 நிமிடம் இந்தக் கருவி, 20 நிமிடம் மசாஜ், வெறும் ஓய்வு என்று மூன்றாகப் பிரித்துச் சோதித்தார்கள். கருவியும் மசாஜும் அப்போதைக்குக் களைப்பைக் குறைத்தன. ஆனால் அடுத்த நாட்களில் 400 மீட்டரை வேகமாக ஓடச் சொன்னபோது, மூன்று பிரிவினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. இதமாக இருப்பதற்காக எப்போதாவது பணம் கொடுப்பதில் தவறில்லை. மாதச் சந்தா கட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: பெர்லின் மாரத்தான் ஓடிவிட்டு மறுநாளே விமானம் ஏறப்போகிறேன். பயணத்தில் அணியவேண்டுமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: அணியுங்கள். இந்தப் பக்கத்தில் நான் தயக்கமில்லாமல் ‘ஆம்’ என்று சொல்லும் கேள்வி இதுதான். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணங்களைப் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் தொகுத்தபோது, முடிவு தெரிந்த 2,637 பயணிகளில் 50 பேருக்கு அறிகுறி காட்டாத ரத்த உறைவு காலில் ஏற்பட்டிருந்தது. அவர்களில் காலுறை அணிந்திருந்தவர்கள் 3 பேர். அணியாதவர்கள் 47 பேர். அவர்கள் எல்லாரும் ஓட்டக்காரர்கள் அல்லர். ஆனால் மாரத்தான் ஓடியவரின் உடலில் நீர் குறைந்திருக்கும், தசைகள் சிதைந்திருக்கும், வலியால் அவர் இருக்கையை விட்டு எழவும் தயங்குவார் என்பதால், அவருக்கு இது இன்னும் பொருந்தும். தண்ணீர் குடியுங்கள், மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், நடைபாதை ஓர இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஓடும்போதே அணிந்தால் வேகம் கூடுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேகம் கூடுவதில்லை. ஓட்டத்தின்போது அணிவதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், ஓடிய நேரத்தில் பொருட்படுத்தத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2017இல் செய்யப்பட்ட சோதனையில், இறுக்க உடை தசையின் அதிர்வைக் குறைத்தது உண்மை. ஆனால் களைப்பு குறையவில்லை. அணிந்தால் உங்களுக்கு வசதியாக இருக்கிறதென்றால் அணியலாம். வெயில் ஏறும் நேரத்தில் காலை மூடி ஓடுவது கூடுதல் சுமை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: மூன்று வாரங்களுக்கு முன் 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணம் முடித்தேன். நான்காம் நாளிலிருந்து இடது கெண்டைக்காலில் மட்டும் வலி, சற்று வீக்கம். தசைப்பிடிப்பு என்று நினைத்து கம்ப்ரெஷன் ஸ்லீவ் போட்டுக்கொண்டிருக்கிறேன். குறைந்தும் கூடியும் இருக்கிறது. தொடரலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இந்த இதழ் அச்சாகும்வரை காத்திராமல் உங்களுக்குத் தனியே பதில் அனுப்பியிருக்கிறேன். மற்றவர்களும் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

பயிற்சியால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு காலிலும் வரும். மூன்றாம் நாளுக்குப் பின் தணியத் தொடங்கும். ஒரு காலில் மட்டும் வந்து, நாள் கடந்தும் நீடித்து, வீக்கத்தோடும் சூட்டோடும் சேர்ந்திருக்கும் வலியை, ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்காமல் தசைப்பிடிப்பு என்று ஒதுக்கக் கூடாது. நல்ல உடற்கட்டு உள்ள விளையாட்டு வீரர்களுக்கும் இது வருகிறது. அவர்கள் இளையவர்கள், திடமானவர்கள் என்பதாலேயே பலமுறை கவனிக்காமல் விடப்படுகிறது. பாதம் இல்லாத ஸ்லீவ் கெண்டைக்காலை மட்டும் அழுத்துவதால், பாதத்தில் வீக்கம் கூடவும் இடமுண்டு. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்து வந்தால், உறைவு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அப்போது 108ஐ அழைப்பதைத் தவிர வேறெதையும் யோசிக்கவேண்டாம்.

இதோடு தொடர்புடைய இன்னோர் எச்சரிக்கை: கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ மிகவும் குறைந்துபோனாலோ, தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதன் அறிகுறியாக இருக்கலாம். வலி மாத்திரை விழுங்கிவிட்டுப் படுக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

உங்களுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: இன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, அந்தக் காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். உறைவு இல்லை என்று உறுதியாகும்வரை நீங்களாக ஸ்லீவ் அணிவதும் வேண்டாம், அந்தக் காலை யாரும் பிடித்துவிடுவதும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம்.